ஈரலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தலாமா?

வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’, அதாவது ஈரல் கொழுப்பு, என்று வந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் கீழாநெல்லியைத் தேடுகிறார்கள். அடுத்த வேலை, டாக்டர் எழுதிக்கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது. “ஈரலே கெட்டுப்போயிருக்கு, இதுல இந்த மாத்திரை வேறயா?”

இந்தப் பயத்தைப் பாமரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஸ்டாட்டின் எனப்படும் இந்தக் கொழுப்பு மாத்திரையைச் சாப்பிடுபவர்களுக்கு அவ்வப்போது கல்லீரல் பரிசோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே நெடுங்காலம் சொல்லிவந்தது. கடுமையான ஈரல் பாதிப்பு மிக அரிது என்று தெரிந்தபின், 2012-இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, பிறகு தேவைப்பட்டால் மட்டும் என்றாயிற்று. பழைய பயம் மட்டும் இன்னும் நம்மிடம் தங்கியிருக்கிறது.

கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் 1,600 இதய நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 437 பேருக்குத் தொடக்கத்திலேயே ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. போன்ற ரத்தப் பரிசோதனை அளவுகள் ஓரளவு கூடியிருந்தன. ஈரல் கொழுப்பே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். ஸ்டாட்டின் எடுத்த 227 பேருக்கு அந்த அளவுகள் இறங்கின. எடுக்காத 210 பேருக்கு மேலும் ஏறின. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை முதல் குழுவில் 10 சதவீதம் பேருக்கு வந்தன, இரண்டாவதில் 30 சதவீதம் பேருக்கு. 2010-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்தக் கணக்கு, ஆய்வு முடிந்தபின் பிரித்துப் பார்த்தது. ஆகவே அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் ஈரல் கொழுப்புக்காரர்களின் உயிரை அதிகம் பறிப்பது ஈரல் நோயல்ல, இதய நோய்தான். இது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம்.

ஈரல் கொழுப்பு, இதய நோய் இரண்டுக்கும் வேர் ஒன்று. மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சத்தைத் தன்னிடமே தேக்கிக்கொண்டு மீதியை ரத்தத்துக்கு அனுப்புகிறது. “எண்ணெயை அடியோடு விட்டுட்டேன்” என்பவர் தட்டு நிறையச் சோறும், நாளுக்கு நாலு சர்க்கரை டீயும், சாயங்காலம் ஒரு பன்னும் சாப்பிட்டால் அந்த விரதத்தால் என்ன பயன்?

ஸ்டாட்டின் ஈரலில் படிந்த கொழுப்பைக் கரைக்கும் மருந்தல்ல. அந்த வேலை சாப்பாட்டையும் நடையையும் சார்ந்தது. 80 கிலோ இருப்பவர் நாலு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். எட்டு கிலோ குறைத்தால் ஈரலில் விழுந்த தழும்பேகூடப் பின்வாங்கலாம். அதற்காக, ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர் பத்தியத்தை மட்டும் நம்பி மாத்திரையை விடுவது ஆபத்து.

மத்திய அரசு 2021-இலேயே ஈரல் கொழுப்பைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்ற வரி வந்தால் கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்பது எல்லா மருத்துவமனையிலும் வழக்கமாகவேண்டும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, முற்றிய ஈரல் சுருக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விஷயம் வேறு. மற்றவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. இயல்பின் மேல்வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் பொதுவாக மறுயோசனை செய்கிறார்கள். 40 வரை இயல்பு என்று போட்டிருக்கும் அறிக்கையில் 62-ஐப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் காரணம் எதுவுமில்லை.