கைடை மூடுங்க, வக்கீல் சார்!

பிள்ளைக்கு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வெளியே வந்தால், அங்கேயே நிற்பார் நம்ம சொந்தக்காரர் ஒருவர்.

"என்ன மாப்ளே, லா காலேஜா? ஜாலிதான் போ! பரீட்சைக்குப் பத்து நாள் முன்னாடி கைடு வாங்கு. முக்கியமான கேள்வி இருபதை மனப்பாடம் பண்ணு. பாஸ் பண்ணிரலாம். கறுப்புக் கோட்டு மாட்டிட்டா, எவன் வந்து மார்க் கேக்கப் போறான்?"

இந்த ஊர் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க முதலாண்டு சட்ட மாணவனுக்குக் கிடைக்கிற முதல் பாடம் இதுதான். சீனியர் அண்ணன் சொல்கிறான். கைடு விற்கிற கடைக்காரர் சொல்கிறார். சில இடங்களில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாடம் நடத்துகிறவரே சொல்கிறார்.

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய துரோகத்தை யாரும் செய்துவிட முடியாது.

ஏன் என்று கேளுங்கள்.

'எவன் மார்க் கேக்கப் போறான்' என்பது ஒரு சாராருக்கு முழுக்க உண்மை. அப்பா வக்கீல், மாமா வக்கீல், சேம்பர் தயார், கட்சிக்காரர்கள் தயார். அந்தப் பிள்ளையிடம் யாரும் மார்க் கேட்க மாட்டார்கள். சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவர் மகனுக்கும், போடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற அம்மாவின் மகளுக்கும் அப்படியா? ஊர் பேர் தெரியாத ஒரு சீனியர் வக்கீலின் ஆபீஸ் வாசலில் போய் நிற்கும்போது, அந்தப் பிள்ளை கையில் இருக்கிற ஒரே சிபாரிசுக் கடிதம் மார்க் ஷீட்தான். மேல்படிப்புக்குப் போகவும் அதேதான். 'மார்க் முக்கியமில்லை' என்பது வசதி உள்ளவர்களின் தத்துவம். அதை வசதி இல்லாத வீட்டில் வந்து ஓதாதீர்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க, குறைந்தது 3 ஆண்டு வக்கீலாகப் பணிபுரிந்திருக்க வேண்டும். அதாவது, படித்து முடித்த கையோடு தேர்வெழுதி நீதிபதி ஆகிவிடலாம் என்ற வழி அடைபட்டது. அந்த 3 ஆண்டு யாரிடம் போய்ச் சேர்வது, எதை வைத்து வயிறு கழுவுவது? நல்ல சீனியர் கிடைக்க வேண்டும். அவர் நம் பிள்ளையை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? மறுபடியும் அதே மார்க் ஷீட், அதே எழுத்து, அதே அறிவு!

சரி, மார்க் வேண்டும். அதையாவது கைடு வாங்கித் தருமா என்றால், அதுவும் இல்லை.

2024 ஜூலை 1-ஐ நினைத்துப் பாருங்கள். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. கொலைக்கு 302 என்று பாட்டாகப் படித்தவனுக்கு அன்று முதல் 103. நாட்டுக்கே பழமொழி ஆகிப்போன 420, 318 ஆனது. குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. நம்பரை மட்டும் உருப்போட்டு வைத்திருந்தவன் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றான். திருட்டு என்றால் என்ன, கொலைக்கும் மரணம் விளைவிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று புரிந்து படித்தவனுக்கு? பெரிய நஷ்டமில்லை. வீட்டுக்கு நம்பர் பலகை மாறியது. வீட்டுக்குள் இருக்கிற சாமான் பெரும்பாலும் அதேதான்.

நம்ம ஊர்க் கணக்கிலேயே ஒரு கேள்வி போடுகிறேன்.

ஒருவர் தன் தென்னந்தோப்பை ஒரு வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். முழுப் பணமும் வாங்கியாச்சு. ஒரு ராத்திரி, குத்தகைதாரருக்குத் தெரியாமல், அவரே ஆள் வைத்து 200 காய்களை வெட்டிப் போடுகிறார். காய்கள் கீழே விழுந்த சத்தத்தில் குத்தகைதாரர் டார்ச் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். ஒரு காய்கூடத் தோப்பைத் தாண்டவில்லை. இது திருட்டா?

கைடு மாணவன் என்ன எழுதுவான்? திருட்டின் இலக்கணத்தை ஒரு பக்கம் எழுதுவான். அதன் ஐந்து அம்சங்களை வரிசையாக எழுதுவான். கடைசியில் 'ஆகவே இது திருட்டு ஆகும்' என்றோ, 'ஆகவே ஆகாது' என்றோ பூவா தலையா போட்டு முடிப்பான். கேள்வியில் இருக்கிற தோப்புக்கும் அவன் எழுதிய பதிலுக்கும் சம்பந்தமே இருக்காது. அப்புறம், "நாலு பக்கம் எழுதினேன், மார்க்கே போடல" என்று வாத்தியாரைத் திட்டுவான்.

சட்டப் புத்தகத்தைத் திறந்து 303-வது பிரிவைப் படித்தவன் வேறு மாதிரி எழுதுவான். முதல் விஷயம், சட்டம் 'யாருடைய சொத்து' என்று கேட்கவில்லை, 'யார் வசம் இருந்தது' என்றுதான் கேட்கிறது. பழுது பார்த்த கூலிக்கு ஈடாகக் கடைக்காரர் முறைப்படி வைத்திருக்கும் கடிகாரத்தை, கூலி தராமல் சொந்தக்காரரே பறித்துப் போனாலும் திருட்டுதான் என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. இரண்டாவது, மரத்தில் இருக்கிற வரை காய் அசையாப் பொருள், அதைத் திருட முடியாது. வெட்டிய அந்த நொடியில் அது திருடக்கூடிய பொருள் ஆகிறது. வெட்டுகிற அதே செயலால் காய் நகர்ந்தாலும் போதும். இது பிரிவின் கீழே உள்ள விளக்கத்தில் இருக்கிறது. தோப்பைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது, நேர்மையற்ற எண்ணம். பணம் வாங்கியவர், ராத்திரியில், தெரியாமல் வெட்டுகிறார் என்பது எதைக் காட்டுகிறது?

முடிவு: சொந்தத் தோப்பில் காய் வெட்டியவர் மீதே திருட்டு வழக்கு நிற்கும்.

இந்த பதில் ஒன்றரைப் பக்கம்தான். ஆனால் மார்க் இங்கேதான் இருக்கிறது. நடந்தது என்ன, அதில் எழும் கேள்வி என்ன, அதற்கான சட்டம் என்ன, அந்தச் சட்டம் இந்த நிகழ்ச்சிக்கு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. இந்த ஐந்து படி ஏறத் தெரிந்தவன் பரீட்சையில் மட்டுமல்ல, கோர்ட்டிலும் ஜெயிப்பான். கைடு மூன்றாவது படியை மட்டும் சொல்லிக் கொடுக்கிறது, அதையும் அரைகுறையாக.

இன்னொன்று. வீரபாண்டியில் கோயிலை ஒட்டி ஓடுகிறதே முல்லையாறு, அந்தத் தண்ணீர் எந்தச் சட்டத்தின் பலத்தில் ஓடுகிறது என்று எத்தனை சட்ட மாணவர்களுக்குத் தெரியும்?

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் போட்ட 999 வருடக் குத்தகை. 1895-ல் முடிந்த பெரியாறு அணை. அணை பலமாகத்தான் இருக்கிறது, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம், 136 அடிக்கு மேல் கூடாது என்று ஒரு சட்டத் திருத்தம் போட்டது. தமிழ்நாடு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு வீதிக்கு வந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2014 மே 7-ல் வந்த தீர்ப்பு ஞாபகம் இருக்கிறதா?

தலைமை நீதிபதி லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கேரளத்தின் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. காரணம்தான் முக்கியம். சட்டமன்றத்துக்குச் சட்டம் போட அதிகாரம் உண்டு. ஆனால் கோர்ட் விசாரித்து இரு தரப்புக்கும் நடுவே கொடுத்த தீர்ப்பை, 'செல்லாது' என்று ஒரு சட்டத்தால் துடைத்துப் போட அதிகாரம் இல்லை. அதிகாரப் பிரிவினை என்று அரசியல் சட்டப் பாடத்தில் வருகிறதே, அதன் ரத்தமும் சதையும் இதுதான். இரண்டு மாநிலங்கள் மோதினால் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிற 131-வது பிரிவு அதில் இருக்கிறது. சமஸ்தான காலத்து ஒப்பந்தம் இன்றைக்கும் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

இதைக் கைடில் நாலு வரியில் படித்தவனும் பரீட்சை எழுதுகிறான். முழுத் தீர்ப்பையும் முட்டி மோதிப் படித்தவனும் எழுதுகிறான். திருத்துகிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும், எவன் ஆற்றில் இறங்கியவன், எவன் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தவன் என்று.

"சரிதாங்க, தீர்ப்பெல்லாம் யார்ட்ட போய் வாங்குறது? எல்லாம் இங்கிலீஷ்ல வேற இருக்கு!" என்பீர்கள்.

முதல் பாதி, இன்றைக்கு வெறும் சாக்கு. ஒரு காலத்தில் தீர்ப்புத் தொகுதிகள் பணக்கார வக்கீல்களின் அலமாரியில்தான் இருந்தன. 2008-ல் இந்தியன் கானூன் இணையதளம் வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுதிகளை இலவசமாகத் திறந்துவிட்டது. சினிமா பார்க்கிற அதே செல்போனில் படிக்கலாம்.

இரண்டாம் பாதி சாக்கு இல்லை, நிஜமான சுவர். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். கீழ்க்கோர்ட்டில் தமிழ் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அங்கே இன்னும் ஆங்கிலம்தான். இந்த அநியாயத்தை எதிர்த்துச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் சண்டை முடிகிற வரை படிக்காமல் இருக்க முடியாதே! உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் தமிழிலும் வருகின்றன. அதையும் ஆங்கில மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தினம் ஒரு பக்கம் படியுங்கள். படித்ததைப் புத்தகம் மூடி, சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். தப்பும் தவறுமாக வரும், வரட்டும். ஆறு மாதத்தில் கை பழகிவிடும். கைடு ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தவனுக்கு ஐந்து வருடமானாலும் ஒரு வாக்கியம் சொந்தமாக வராது.

அப்புறம் அந்த ரெக்கார்டு நோட்டு! பார் கவுன்சிலின் 2008 விதிகளில், மாணவன் கோர்ட்டுக்குப் போய் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத 30 மார்க் இருக்கிறது. மாதிரி நீதிமன்றத்தில் வாதாடவும் 30. உத்தமபாளையம், பெரியகுளம் கோர்ட்டு வாசலுக்கு டவுன் பஸ்ஸே போகிறது. ஆனால் சீனியர் எழுதிய நோட்டை வாங்கி, கட்சிக்காரர் பெயரைக்கூட மாற்றாமல் காப்பியடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு குறுக்கு விசாரணையை உட்கார்ந்து பார்த்தால் சாட்சியச் சட்டத்தில் பாதி புரிந்துவிடும். அதை விட்டுவிட்டு, வேறு எவனோ பார்த்த கோர்ட்டை எழுதுகிறோம்.

இவ்வளவையும் ஏமாற்றிக் கடந்தாலும், கடைசியில் அகில இந்திய பார் தேர்வு என்று ஒரு வாசல் இருக்கிறது. வக்கீல் தொழிலைத் தொடர்ந்து செய்ய அதைத் தாண்ட வேண்டும். சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகலாம், ஆனால் குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டம் மட்டும். கைடுக்கு அனுமதி இல்லை! ஐந்து வருடம் சட்டப் புத்தகத்தையே திறக்காதவன் அங்கே எந்தப் பக்கத்தைப் புரட்டுவான்?

தோற்றால் அவனுக்கு மட்டும் நஷ்டம் என்றால் போய்த் தொலையட்டும் என்று விடலாம். எப்படியோ ஜெயித்துவிட்டால்தான் ஆபத்து. நிலத்தகராறுக்குத் தாலியை அடகு வைத்துவிட்டு வருகிற ஒரு அம்மா அவன் முன்னால் உட்காருவார். அவருக்குத் தெரியுமா, இவன் இருபது கேள்வியில் பாஸ் ஆனவன் என்று?

தேனி மாவட்டத்துக்கென்று ஒரு அரசு சட்டக் கல்லூரி 2019-ல்தான் வந்தது. அதற்கு முன் மதுரைக்கோ இன்னும் தூரத்துக்கோ போக முடியாமல் ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். வக்கீலாகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்ததையும், சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்தான், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 125 ரூபாய்தான் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கதவு ஒவ்வொன்றாகத் திறக்கிறது. அந்தக் கதவு வழியாக நம் பிள்ளை எதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகப்போகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை அந்தப் பிள்ளையைப் பார்த்தால், "பாஸ் ஆயிருவியா?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் எந்தத் தீர்ப்பு படிச்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால், திருத்துகிறவருக்கும் புரியும். மார்க் தானாக வரும்.