நீண்ட வாலும் நீளாத பயிற்சியும்

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஏர்போர்ட் தூத்துக்குடி, வாகைக்குளம். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இன்று 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்தாச்சு. ‘இனி ஏர்பஸ் ஏ-321 கூட இறங்கும்’ என்று மார்தட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை. அது என்ன விமானம் என்று கேட்டோமா?

ஏ-320 விமானத்தை ஏழு மீட்டர் நீட்டினால் ஏ-321. பருத்திமார் ஏற்றின வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் பாரம் துருத்திக்கொண்டு நின்றால், மேடு ஏறும்போது தரையில் உரசும். இங்கேயும் அதே கதைதான். மூக்கைக் கொஞ்சம் அதிகம் தூக்கினால் வால் ஓடுபாதையில் இழுபடும்.

2023-ல் ஆறே மாதத்தில் இண்டிகோவின் ஏ-321 விமானங்கள் நான்கு முறை வாலை உரசின. பயிற்சியிலும் நடைமுறைகளிலும் குறை இருக்கிறது என்று சொல்லி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. இரண்டு ரகத்தையும் ஒரே பைலட் ஓட்டலாம் என்பது கம்பெனிக்கு லாபம். ஒரே பயிற்சி போதும் என்று நினைத்தால், அந்த லாபத்துக்கு வட்டி கட்டப்போவது யார்? உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும்தான் சார்!

ஓடுபாதை எவ்வளவு நீண்டாலும் வால் உரசுவதைத் தடுக்காது. அதற்குப் பழகின கை வேண்டும். பழக்கக் காசும் நேரமும் வேண்டும். ஆகவே, இறங்க வந்த விமானம் மறுபடி மேலே போனால் பைலட்டைத் திட்டாதீர்கள். சரியில்லை என்று தெரிந்து விலகியவர் அவர். டிக்கெட் விலைக்குச் சண்டை போடும் நாம், பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினீர்கள் என்று கம்பெனியைக் கேட்க வேண்டாமா?