மண்ணின்கீழ் எரியுந் தீயும் அரசாங்கத்தின் அதிகாரமும்

ஒரு வீட்டில் தீப்பற்றுமாயின், தண்ணீர்க் குடத்துடன் உள்ளே புகுவோனை, 'யாருடைய அனுமதியால் வந்தாய்?' என்று எவருங் கேட்பதில்லை. ஊரார் அனைவர்க்கும் அப்பொழுது அதிகாரமுண்டு. மண்ணின்கீழே நிலக்கரிப் படையிற் பற்றிய தீயோ ஓரிரவில் எரிந்தவிவதன்று. தலைமுறை தலைமுறையாக ஊர்ந்து செல்வது. அதன்மேல் வீடு ஒருவருடையது; கரி மற்றொருவருடையது; சாலை நகரசபையினுடையது. அதனை அணைக்கும் அதிகாரம் யாருக்குரியது, அவ்வதிகாரத்தை எப்பொழுது செலுத்துதல் வேண்டும் என்னும் வினா வெறுஞ் சட்ட வினாவன்று. பல்லாயிரங் குடும்பங்களின் உயிரைப் பற்றிய வினாவாகும்.

நிலக்கரி, தீ இடாமலே பற்றக்கூடியது. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து மெல்ல மெல்லச் சூடேறி, அச்சூடு வெளியேற வழியின்றித் திரளும்போது தானே கனன்றெழும். கரியை வெட்டியெடுத்த குகையை மணலால் நிரப்பாமல் விட்டால் மேல்நிலம் இடியும். இடிந்த வெடிப்புக்களின் வழியே காற்றுப் புகும். காற்றுப் புகத் தீ வளரும். தீ வளர நிலம் மேலும் இடியும். எரியுங் கரியைத் தோண்டி அப்புறப்படுத்தல், குழியை மணலாலோ சாம்பலாலோ அடைத்தல், மேலே மண் போர்த்துக் காற்றைத் தடுத்தல் என்னும் வழிகள் நம் இரசாயன மாணவர்க்கு விளங்காதனவல்ல. இவை யாவும் தீ சிறிதாயிருக்கும்போதே எளியன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பென்ஸில்வேனியா மாகாணத்துச் சென்ட்ரேலியா என்னுஞ் சிற்றூரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளமொன்றிற் கொட்டியிருந்த குப்பைக்கு இட்ட தீ, அடியிலிருந்த கரிப்படைக்குப் பரவியதென்பர். அவ்வாண்டு ஆகஸ்டில் மாகாணத்தார் அதனைத் தோண்டியெடுக்க முற்பட்டனர். ஒதுக்கிய தொகை சுமார் 20,000 டாலர். தொகை தீர்ந்தது, வேலை நின்றது, தீ நிற்கவில்லை. பின்னும் பலமுறை துளையிட்டு அடைத்துப் பார்த்தனர். 1981-இல் 12 வயதுச் சிறுவனொருவன் பாட்டி வீட்டுப் புழக்கடையில் நின்றவாறே, திடீரெனத் திறந்த புழையில் அமிழ்ந்தான்; மரவேரைப் பற்றித் தொங்கியவனை உறவினன் இழுத்தெடுத்தான். 1983-இல் வெளியான மதிப்பீடு, தீ முழுவதையுந் தோண்டியெடுக்க 66 கோடியே 30 லட்சம் டாலர் வேண்டுமென்றது! அவ்வாண்டிற் காங்கிரஸ் சபை 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. தீயை அணைக்கவன்று, ஊரைப் பெயர்க்க. போக மறுத்தோரின் வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்த மாகாணக் கவர்னர் 1992-இல் முற்பட்டார். சுமார் 1,400 பேர் வாழ்ந்த அவ்வூரில், 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் காணப்பட்டோர் ஐவர். தீ இன்னும் எரிகின்றது.

சட்டமில்லையோவெனின், இருந்தது. நிலக்கரித் தீயை ஆராயவும் அணைக்கவும் மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரமளிக்குஞ் சட்டமொன்று 1954-இலேயே அந்நாட்டில் நிறைவேறியது. ஆயினும் தனியார் நிலத்திற் செய்யும் வேலைக்குச் செலவிற் பாதியை மாகாணமோ உடையவரோ தரவேண்டுமென்பது அதன் ஏற்பாடு. 'நீ பாதி கொடு' என்று இருவர் பேசிக்கொண்டிருக்கத் தீ காத்திருக்குமோ? 1977-ஆம் ஆண்டுச் சட்டமே இதனைத் திருத்தியது. வெட்டப்படும் ஒவ்வொரு டன் கரிக்குங் கட்டணம் விதித்து, கைவிடப்பட்ட பழஞ் சுரங்கங்களைச் சீர்செய்ய நிதியொன்று திரட்டப்பட்டது. அவசர ஆபத்து நேருமிடத்து அதிகாரிகள் எவர் நிலத்திலும் புகலாமென்றும், அது நிலத்தைப் பறித்தலுமன்று, அத்துமீறலுமன்று, பொதுநலங் காக்கும் போலீஸ் அதிகாரமேயென்றும் அச்சட்டங் கூறுகின்றது. நாம் பெரிதும் மதிப்பது இப்பகுதியையே. சென்ட்ரேலியாவுக்கு அது 15 ஆண்டு பிந்தி வந்தது.

இனி, நம் தேசத்து ஜரியாவை நோக்குவோம். அங்கே முதற் றீ 1916-இற் காணப்பட்டது. மணலடைப்புக்கென 1939-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டும், தனியார் முதலாளிகள் பலர் கரியை வாரினரேயன்றிக் குழியை நிரப்பினாரல்லர். 1972-இல் அச்சுரங்கங்கள் தேசவுடைமையாயின. அன்றுமுதல் கரிக்கு உடையவரும் தீக்கு உடையவரும் அரசாங்கமேயாதலின், 'உடையவர் இசையவில்லை' என்னுஞ் சாக்குக்கு இங்கே இடமில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, ஆபத்து நீங்குமளவும் வேலையை நிறுத்தச் சுரங்க இன்ஸ்பெக்டருக்கு அதிகாரமிருந்தது. அது சுரங்கத்தில் உழைப்போரைக் காத்தது; அதன்மேல் குடிசையில் உறங்குவோரைக் காக்கவில்லை. அவர்களுக்கெனப் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது 2009-இல். ஜரியாவுக்கு மாத்திரம் 7,112 கோடி ரூபாய். 2021-இல் அதன் காலம் முடிந்தும் வேலை முடியவில்லை. 2017 ஜூனில் தன்பாத்-சந்திரபுரா இரயில் பாதை, தீயின் அச்சத்தால் ஒரே உத்தரவில் மூடப்பட்டது. 2019-இல் மீண்டுந் திறக்கப்பட்டது. இரயிலுக்கு வாய்த்த அவ்விரைவு மனிதர்க்கு வாய்க்கவில்லை. மூடப்படுவதற்குச் சிலவாரம் முன்னரே ஜரியா நகரில் தந்தையையும் மகனையும் நிலம் விழுங்கியது.

இத்தகைய அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளிப்பின் அது மக்களை ஒடுக்கப் பயன்படாதோவென்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வச்சம் வீணன்று. தம் வீடுகளின் கீழுள்ள கரியைக் கவரவே தம்மை விரட்டுகின்றனரெனச் சென்ட்ரேலியா மக்களிற் பலர் நம்பினர். ஜரியாவிலும் அவ்வையம் உண்டு. தீயை வெட்டியெடுத்தலும் கரியை வெட்டியெடுத்தலும் பார்வைக்கு ஒரே தொழிலாயிருப்பின், ஐயம் எழாதிருப்பது எங்ஙனம்? ஆயினும் இவ்வையத்துக்கு வித்திட்டது எவ்வதிகாரம்? நிலத்திற் புகுந்து தீயையணைக்கும் அதிகாரமன்று. காலங் கடந்தபின் குடியை எழுப்பும் அதிகாரமே. முன்னதைச் செலுத்தப் பணமும் துணிவும் வேண்டும். பின்னதற்கு அறிவிப்புக் காகிதம் போதும். ஆதலாற்றான் அரசாங்கங்கள் பின்னதையே நாடுகின்றன போலும்! தீ கண்ட நாளே புகுந்து பணிசெய்யும் அதிகாரமும், அதற்கெனக் கரிவிலையினின்றே ஒதுக்கிய குறையாத நிதியும் சேர்ந்து அளிக்கப்படல் வேண்டும். எடுத்த கரியின் கணக்குப் பகிரங்கமாக்கப்படல் வேண்டும். குடியெழுப்புதல் நியாயஸ்தலத்தின் கண்பார்வையிலேயே நடைபெறல் வேண்டும்.

2025 ஜூனில் மத்திய மந்திரிசபை 5,940 கோடி ரூபாயிற் றிருத்திய திட்டமொன்றை அங்கீகரித்தது. நிலவுரிமைப் பத்திரம் உடையார்க்கும் இல்லார்க்கும் ஒப்பப் பிழைப்புக்காகக் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாயும், 3 லட்சம்வரை கடனுதவியும் அதில் உண்டு. பத்திரமில்லாதவனையும் குடியென மதித்த இதனை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். அத்தொகை, வீட்டைக் காலிசெய்யும் உத்தரவுக்கு முன்னரே அவன் கைக்குச் சேர்தல் வேண்டும்.