வயிற்றுக்கு பைபாஸ், கணக்குக்குமா?

"வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு வயித்தைக் கட்டுறாங்கப்பா!"

போன வாரம் மண்டபத்தூர் டீக்கடையில் ஒரு பெரியவர் உதிர்த்த முத்து. சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் சித்தியே அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

முதலில் பெரியவருக்கு. பட்டினி கிடந்து எடை குறைத்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. உடம்பே எதிர்க்கட்சி ஆகிவிடும் ஐயா! கேஸ்ட்ரிக் பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டி இணைக்கிறார்கள். பசி குறைகிறது. பலருக்கு எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்குகிறது. இது வைத்தியம், சோம்பேறித்தனம் இல்லை.

அடுத்து, விற்பவர்களுக்கு. சித்திக்கு அறை, ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், இ.எம்.ஐ. வசதியோடு. எடை நன்றாகவே குறைந்தது. இரண்டு வருஷத்தில் பாதம் மரத்துப்போனது. சோதித்தால் பி12 அடிமட்டத்தில். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் சேருவது அந்தத் தாண்டிய குடலில்தான். இரைப்பை சுருங்கினால் பி12-ம் சரியாகச் சேராது. ஆயுளுக்கும் மாத்திரை, தவறாமல் ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில், ஆங்கிலத்தில் இருந்தது. சித்தி படித்தது ஐந்தாவது.

மெஷின் வாங்குவது மூலதனச் செலவு, அதை ஓட்டுவது வருவாயினச் செலவு. பி.காம். முதல் வருஷப் பாடம். முதலாவதை மட்டும் காட்டி இரண்டாவதை மறைத்தால் ஆடிட்டர் விடுவாரா? ஆஸ்பத்திரியை மட்டும் ஏன் விடுகிறோம்?

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைத் தனியார் மருத்துவமனையில் இதே உடல் எடைக் குறைப்பு சிகிச்சையின்போது நிலை மோசமாகி இறந்தார். தமிழக அரசு விசாரித்து, அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. விசாரணை உயிர் போன பிறகுதான் வந்தது.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது இதற்குத் தயாரானால் தடுக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவசரம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? ஐந்து வருஷம் கழித்தும் யார் பரிசோதிப்பார்கள்? மாத்திரைக்கு மாதம் எவ்வளவு?

பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த டீக்கடைக்கு நாளை போகிறேன். இந்த முறை சிரிக்கமாட்டேன்.