சுற்றுச்சூழல் கல்வி: தேர்வு எதை அளக்கிறது?

2024 ஜூலை 1 அன்று கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. மாணவர் எதை மனப்பாடம் செய்தார் என்பதைவிட எதைச் செய்ய வல்லவரானார் என்பதே இனி மதிப்பிடப்படும், பாடத்திட்டம் முழுவதும் ‘கற்றல் விளைவு’களின் அடிப்படையில் வகுக்கப்பட்டுள்ளது என்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு நாட்கள் கழிந்து, ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரைப் பெருகி வந்த மழைநீர் இழுத்துச் சென்றது. தண்டவாளங்களுக்குக் கீழே நூறு மீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கவழி முழுவதும் குப்பை அடைத்துக்கிடந்ததால் முக்குளிப்போர் உள்ளே நுழையவே திணறினர். மூன்றாம் நாள்தான் அவரது உடல் கிடைத்தது. தோட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இடையே வெளிப்படையாகவே தகராறு மூண்டது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவது சிலருக்கு வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் மலையாளத்தில் தோடு என்று அழைக்கப்படும் இந்த ஓடை, பல்கலைக்கழகத் தலைமையகம் அமைந்துள்ள பாளையத்திலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தூரத்தில் ஓடி, ஆக்குளம் காயலில் போய்ச் சேர்கிறது. காரியவட்டம் வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இயங்குகிறது. ஆல் செயிண்ட்ஸ் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறை உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் பெற்று இந்நகரின் கல்லூரியொன்றிலிருந்து வெளியேறும் இளைஞர் ஒருவருக்கு அந்தத் தோட்டைப் படிக்கத் தெரியுமா? தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும், அதை அவரது தேர்வு கண்டுபிடித்துச் சொல்லுமா? கேள்வி இதுதான்.

இக்கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டு, மீண்டும் நீதிமன்றம் கண்டித்த பிறகே, எல்லா இளநிலை மாணவருக்குமான ஆறுமாதப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் 50 வகுப்புகள். அவற்றில் களப்பணிக்கு ஐந்து. மதிப்பெண் 100; அதில் களப்பணிக்கு 25. உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தை நேரில் கண்டு பதிவு செய்யவேண்டும் என்று அப்பாடத்திட்டம் தெளிவாகவே சொன்னது. ஐந்து வகுப்பு நேரத்துக்கு 25 மதிப்பெண் என்பது களத்துக்குத் தரப்பட்ட நல்ல மரியாதைதான். நடைமுறையில் அந்த 25 மதிப்பெண் என்ன ஆயிற்று என்பதைக் கல்லூரிகளை அறிந்த எவரும் அறிவர். கண்ணாடித்தாள் சுற்றிய அறிக்கை ஒன்று ஆண்டுதோறும் முகப்பு மட்டும் மாறி மேசைக்கு வந்து சேர்ந்தது. தோட்டுக்குச் சென்றோர் சிலர். சென்றதாக எழுதியோர் பலர்.

இது பொதுப்பாடத்தின் கதை. சுற்றுச்சூழல் அறிவியலையே முதன்மைப் பாடமாகப் பயிலும் மாணவரின் நிலை இதைவிட மேலானதுதான். அவருக்கு ஆய்வகம் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு, இறுதியில் திட்ட ஆய்வும் உண்டு. எனினும் அவருடைய மதிப்பெண்ணின் பெரும்பகுதியை இன்றும் எழுத்துத் தேர்வே தீர்மானிக்கிறது. நான்காண்டுத் திட்டத்தில் எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வு 70 விழுக்காடு.

எழுத்துத் தேர்வு எங்கே தவறுகிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘பி.ஓ.டி. என்றால் என்ன?’ என்பது பல ஆண்டுகளாக வினாத்தாள்களில் வலம்வரும் இரண்டு மதிப்பெண் கேள்வி. நீரில் உள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு என்று எழுதினால் போதும், இரண்டும் கிடைத்துவிடும். ஆமையிழஞ்சான் தோட்டின் கரையில் 300 மில்லிலிட்டர் போத்தலோடு நிற்கும்போது இந்த இரண்டு மதிப்பெண் எதற்கும் உதவாது. போத்தலில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையாமல் நீரை நிரப்பவேண்டும். நுழைந்தால் அளப்பது தோட்டின் ஆக்சிஜனை அன்று, காற்றின் ஆக்சிஜனை. கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்க்கவேண்டும். பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால், நீரில் அது ஏறக்குறைய இல்லை. பி.ஓ.டி.க்கென எடுத்துவந்த நீரை ஆய்வகத்தில் நன்கு நீர்க்கச் செய்து, 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் இருட்டில் வைக்கவேண்டும். நீர்க்கச் செய்யாவிட்டால் சாக்கடை கலந்த நீர் முதல் நாளிலேயே எல்லா ஆக்சிஜனையும் தின்று தீர்த்துவிடும், மூன்றாம் நாள் அளக்க எதுவும் மிஞ்சாது. குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். பெருமழைக்கு மறுநாள் எடுத்த நீரில் அளவு குறைந்து காணப்பட்டால், தோடு தூய்மையடைந்துவிட்டது என்று எழுதுகிறாரா, மழை கழிவைக் கரைத்து ஆக்குளத்துக்குத் தள்ளிவிட்டது என்று எழுதுகிறாரா? மாணவர் கற்றாரா இல்லையா என்பது இந்த இடத்தில்தான் வெளிப்படும். எந்த இரண்டு மதிப்பெண் கேள்வியும் இந்த இடத்தை எட்டுவதில்லை.

திடக்கழிவு மேலாண்மையும் அப்படித்தான். உரமாக்கும் முறைகளை விவரிக்கச் சொல்லும் கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் விடை கிடைக்கும். 2000-இல் திறக்கப்பட்ட விளப்பில்சாலை கழிவு ஆலை 2011 இறுதியில் மக்கள் போராட்டத்தால் ஏன் மூடப்பட்டது? அதன்பின் இந்நகரம் வீட்டளவிலும் வார்டளவிலும் கழிவைக் கையாளும் முறைக்கு ஏன் திரும்ப நேர்ந்தது? அப்படித் திரும்பிய பிறகும் 2024-இல் தோடு ஏன் அடைத்துக்கிடந்தது? இவற்றுக்கு விடை காணப் புறப்படும் மாணவர் வேதியியலோடு நிற்க முடியாது. ஒப்பந்தமுறை, நில உரிமை, சாதி, கூலி ஆகியவையும் அவருடைய பாடத்துக்குள் வந்துவிடுகின்றன. நெகிழியை வீசியோர் ஒரு வர்க்கத்தினர், அதை அள்ள இறங்கியவர் இன்னொரு வர்க்கத்தவர் என்பதைச் சொல்லாத சுற்றுச்சூழல் அறிவியல் அரைகுறை அறிவியல்.

‘கற்றல் விளைவு’ முறை இக்குறையைத் தீர்க்கவே வந்தது என்பர் அதன் ஆதரவாளர். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எதைச் செய்ய வல்லவராக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஆசிரியருக்கும் நல்லது, மாணவருக்கும் நல்லது. கோளாறு அது கணக்கிடப்படும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் சில விளைவுகள், படிப்பு முழுமைக்கும் சில விளைவுகள். இவ்விரண்டையும் கட்டம்போட்டு இணைத்து ஒன்று, இரண்டு, மூன்று என எண் இடவேண்டும். பின்னர் எத்தனை விழுக்காட்டு மாணவர் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டினர் என்று பார்த்து ‘அடைவு’ கணக்கிடப்படுகிறது. தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவையான நாக் இதைக் கேட்கிறது, கல்லூரிகள் கொடுக்கின்றன. அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அதே எழுத்துத் தேர்விலிருந்து! மனப்பாடத்தை அளந்த கோலையே திருப்பிப் பிடித்து, இப்போது திறனை அளந்தோம் என்கின்றனர். களத்தில் மாணவரோடு செலவிட்டிருக்கக்கூடிய நேரத்தை ஆசிரியர் இந்தக் கட்டங்களை நிரப்புவதில் கழிக்கிறார்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். தேர்வுத்தாள் திருத்துவதை மலையாளிகள் ‘மூல்யநிர்ணயம்’ என்கின்றனர். உபரி மதிப்புக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘மிச்சமூல்யம்’. தமிழிலும் மதிப்பெண், மதிப்பீடு, உபரி மதிப்பு மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஒரு பொருளின் மதிப்பைச் சந்தை தீர்மானிக்கும்போது அதைப் படைத்த உழைப்பு கண்ணில் படாமல் போவதுபோல, கற்றலின் மதிப்பை எண்ணாக மாற்றும்போதும் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு மறைந்துபோகிறது.

அப்படியானால் அகமதிப்பீட்டின் பங்கை உயர்த்திவிடலாமே என்ற யோசனை உடனே எழும். களத்தை உடனிருந்து பார்த்த ஆசிரியரே மதிப்பெண் இடட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே திருவனந்தபுரத்தில், பேரூர்க்கடையிலுள்ள கேரள சட்ட அகாதமி சட்டக் கல்லூரி மாணவர்கள் வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்தை மறக்க முடியாது. அகமதிப்பெண்ணைப் பழிவாங்கும் கருவியாகப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர்கள் எழுப்பிய முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆசிரியர் கையில் மட்டும் இருக்கும் மதிப்பெண், நிர்வாகத்தின் கையில் இருக்கும் சாட்டையாக மாறுவதற்குச் சுயநிதிக் கல்லூரிகளில் அதிக நாள் ஆகாது. எழுத்துத் தேர்வுக்குக் குறைந்தபட்சம் முகமற்ற நீதி ஒன்று உண்டு. மாணவர் இயக்கம் அதை எளிதில் விட்டுக்கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று கேரளத்திலேயே முன்பு நடந்திருக்கிறது. ஆக்குளத்தில் 1978-இல் நிறுவப்பட்ட புவி அறிவியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்களும் 1990-களின் தொடக்கத்தில் ஊராட்சிகளின் வளங்களை வரைபடமாக்கினர். நில அளவை வரைபடத்தைக் கையில் ஏந்தி, புலம் புலமாக நடந்து, எங்கே நீர் தேங்குகிறது, எங்கே வடிகிறது, எந்த நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று பதிவு செய்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அறிவியலறிஞர் கற்றுக்கொடுத்தனர், தொண்டர்கள் செய்தனர், ஊரார் பார்த்துத் திருத்தினர். கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரியில் இது உள்ளூர்த் திட்டமிடலாகவே வளர்ந்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இந்த அனுபவத்தின் மீதுதான் காலூன்றியது. அங்கே எவரும் யாருக்கும் மதிப்பெண் இடவில்லை. ஆனால் தவறாக வரைந்த வாய்க்காலை, அந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயி சுட்டிக்காட்டினார். அதைவிடக் கடுமையான தேர்வாளர் எங்கே கிடைப்பார்? சைலண்ட் வேலி நீர்மின் திட்டம் குறித்துப் பரிஷத் 1979-இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இப்படிச் சோதிக்கப்பட்டதுதான். திட்டத்தை ஆதரித்தோர் இடதுசாரிகளிலும் இருந்தனர். அவர்களது கேள்விகளுக்கும் நின்று விடை சொல்லியே அந்த ஆய்வு தன் தரத்தை நிறுவியது.

இம்முறையை வகுப்பறைக்குக் கொண்டுவருவது இயலாத காரியம் அன்று. மூன்றாம் ஆண்டு மாணவர் குழு ஒன்று ஒரு தோட்டையோ, வெள்ளாயணிக் காயலின் ஒரு கரையையோ, ஒரு வார்டின் கிணறுகளையோ ஈராண்டுப் பருவங்களில் தொடர்ந்து அளக்கட்டும். அளவுகளை ஆய்வகத்தில் ஆசிரியர் சரிபார்க்கட்டும். முடிவுகளை வார்டு சபையில், அங்குள்ள மக்களின் மொழியிலேயே எடுத்துரைத்து, அவர்களது கேள்விகளுக்கு மாணவர் விடையளிக்கட்டும். வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் உடனிருந்து மதிப்பெண் இடட்டும். அங்கே பழிவாங்கலுக்கு இடம் குறைவு. முகப்பு மாற்றிய அறிக்கைக்கு இடமே இல்லை.

மொழி இதில் சிறு விஷயமன்று. மாணவர் படிப்பதும் எழுதுவதும் ஆங்கிலத்தில். தோட்டின் கரையில் வாழ்வோர் பேசுவது மலையாளம். சாலைக் கடைவீதிப் பக்கம் வந்தால் தமிழும் உண்டு. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று மொழிபெயர்த்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. இந்த நீரில் மீன் ஏன் வாழ முடியவில்லை, இது கசியும் கிணற்றைக் குழந்தைகளுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று கரையில் குடியிருக்கும் ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்ல வேண்டும். கலைச்சொல்லைப் பிரித்து வைத்து அதன் உட்பொருளைச் சொல்லத் தெரியாதவர் அதைக் கற்றவர் ஆகமாட்டார். தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் பாடத்துக்கு இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம்.

மாணவரை ஊதியமில்லாத கணக்கெடுப்பாளராக்கிவிடுவீர்கள் என்ற எதிர்ப்பு வரும், வரவேண்டும். மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தாம் செய்யவேண்டிய சோதனைகளைக் கல்லூரிகளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க வாய்ப்புண்டு. எனவே மாணவரின் அளவு வாரியத்தின் அளவுக்கு மாற்றாக இருக்கக்கூடாது. அதைச் சரிபார்க்கும் இன்னொரு கண்ணாக மட்டுமே இருக்கவேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தூய்மைப் பணியாளர் உயிரிழந்த அதே தோட்டில், கற்றல் என்ற பெயரால் மாணவரைப் பாதுகாப்பின்றி இறக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நான்காண்டுப் பட்டம் சரியா தவறா, அது புதிய கல்விக் கொள்கையின் நிழலா கேரளத்தின் சொந்த ஆக்கமா என்ற விவாதம் இயக்கத்துக்குள் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் 133 கிரெடிட்டுகளில் மூன்றாண்டுப் பட்டமும் 177 கிரெடிட்டுகளில் நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் என்று வகுத்தாயிற்று. ஒரு துறையில் நிரந்தர ஆசிரியர் போதுமான அளவில் இல்லாமல், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு இதை நடத்தினால் எந்த மதிப்பீட்டு முறையும் மறுபடி கண்ணாடித்தாள் சுற்றிய அறிக்கையில்தான் வந்து நிற்கும். வகுப்பெடுத்த மணிக்கு மட்டும் கூலி பெறுபவர் தோட்டின் கரையில் மாணவரோடு செலவிடும் காலை நேரத்துக்கு யார் பணம் கொடுப்பார்? ஒன்றிய அரசு கல்விக்கான நிதிப் பொறுப்பைக் கைகழுவிக்கொண்டே கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்கிறது. மாநிலத்திடம் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் சேர்ந்து வைக்கவேண்டிய கோரிக்கைகளில் முதலாவது, களத்தில் செலவிடும் நேரத்தை ஆசிரியரின் வேலைநேரமாகக் கணக்கில் சேர்ப்பது. அடுத்தது, சுற்றுச்சூழல் துறை ஒவ்வொன்றிலும் 27 பாகையில் நிற்கும் ஓர் அடைகலன் பழுதின்றி இயங்குவது.