கூடத்தில் கத்தரி!

சீமையில் குளிர்காலம் வந்தால் செடிக்குப் போர்வை போர்த்துவார்களாம். எங்க போலகத்தில் போர்வை எதுக்கு சார்? ஐப்பசி, கார்த்திகையில் செடிக்கு நீச்சல் தெரிஞ்சா போதும்!

போன வருஷம் சகதர்மிணி ஆசையா வைத்த கத்தரி, தேங்கிய மழைத்தண்ணியில் வேர் அழுகிச் செத்தது. மாசக் கடைசியில் குழம்புக்குக் காய் இல்லை, பர்ஸிலும் இல்லை.

இந்த வருஷம் உஷார். கொத்தனாரிடம் கெஞ்சி வாங்கிய காலி சிமென்ட் சாக்கு. உதறிக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை. உள்ளே மண்ணும் மக்கிய சாணமும். கீழே ரெண்டு செங்கல். தண்ணி வடிஞ்சிடும், வேர் மூச்சு விடும். காற்றுக்கு மூங்கில் குச்சி, பழைய வேட்டிக் கிழிசலில் ஒரு கட்டு.

ஆனாலும், 2018 நவம்பரில் கஜா தென்னையையே சாய்த்த பக்கமாச்சே! புயல் என்று ரேடியோ சொன்னதும், ஆளுக்கொரு முனை பிடித்து சாக்கையெல்லாம் கூடத்துக்குத் தூக்கினோம்.

இப்போ கூடத்தில் கத்தரி, மூலையில் நான். கேட்டால், "அது காய்க்குது... நீங்க?" என்கிறாள்!