இல்லமும் பள்ளியும்: பைக்குள் கிடக்கும் கடிதம்



ஜூன் மாதம் பிறந்துவிட்டது. மும்பையிலும் புனேயிலும் மாத நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. பெங்களூரில் மாதத் தொடக்கத்தையொட்டியே வகுப்புகள் ஆரம்பித்துவிடுகின்றன. டில்லியில் ஏப்ரலிலேயே புதிய வகுப்புக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள், கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் மீண்டும் செல்வார்கள். பையும் காலணியும் குடையும் வாங்கி ஆயத்தமாகிக் கொண்டிருக்கும் இந்த நாட்களில், புத்தகங்களோடு அந்தப் பைக்குள் வந்து சேரும் வேறொரு பொருளைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். பள்ளி நமக்கு அனுப்பும் கடிதமே அது.

தாராவியில் 90 அடி சாலைக்கு அருகே வசிக்கும் ஒரு சகோதரியை நான் அறிவேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி வந்தவர். கணவர் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். மகன் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தான். "பலகையில் எழுதிப் போடுவதை எழுதுவதே இல்லை" என்று ஆசிரியை பலமுறை குறை சொன்னார். தாயும் கண்டித்தார், சில நாட்களில் அடித்தும்விட்டார். மாலையில் விளையாட விடாமல் உட்கார வைத்தார். பையன் மாறவில்லை.

மழைக்காலத்துக்கு முன் கூரைக்குத் தார்ப்பாய் போடுவதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, அரிசி டிரம்மின் அடியில் பத்திரமாக வைத்திருந்த சில காகிதங்கள் அகப்பட்டன. மேல்வீட்டில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அவற்றுள் ஒன்றை வாங்கிப் படித்தாள். மராத்தியில் இருந்தது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பிள்ளையைப் பரிசோதித்தது என்றும், பார்வைக் குறைபாடு இருக்கலாம் என்றும், இந்தச் சீட்டோடு மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் என்றும் அதில் எழுதியிருந்தது. கடிதத்தின் தேதியைப் பார்த்தால் பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன.

"பணம் கட்டச் சொல்லி வந்த காகிதம் என்று நினைத்தேன். சம்பளம் வரட்டும் என்று எடுத்து வைத்தேன். கண் தெரியாத பிள்ளையை அடித்துவிட்டேனே!" என்று அந்தத் தாய் அழுதார்.

அன்பானவர்களே, இதில் யாரைக் குற்றம் சொல்வோம்? அந்தத் தாய் அக்கறையற்றவர் அல்லர். காகிதத்தைக் கிழித்தெறியாமல் காத்து வைத்திருந்தார். பள்ளியும் தன் கடமையைச் செய்தது; கடிதத்தை எழுதி அனுப்பியது. இரண்டிற்கும் நடுவே அறியாத மொழி ஒன்றும், பிறரிடம் கேட்பதற்குக் கூச்சமும் நின்றன. அதன் விலையை ஆறு வயதுப் பிள்ளை செலுத்தினான்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் பலருடைய நிலை இதுதான். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியை மொழிச் சிறுபான்மையினருக்கு மாநிலங்கள் அளிக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோதான் படிக்கிறார்கள். அறிவிப்புகளும் அந்த மொழிகளிலேயே வருகின்றன. ஆகையால் ஓராண்டில் எவ்வகைச் செய்திகள் வரும் என்பதை முன்னதாகவே தெரிந்து வைத்திருப்பது நல்லது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அறிந்தவருக்கு, மொழி தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும்.

முதலாவது, பள்ளி திறந்தவுடன் வருபவை. அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பாடநூலும் சீருடையும் இலவசம். மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் பை, காலணி, எழுதுபொருட்கள் உட்பட 27 வகைப் பொருட்கள் தரும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஊரிலிருந்து திரும்பத் தாமதித்தால் இவற்றையும் முதல் பாடங்களையும் ஒருசேர இழக்க நேரிடும்.

இரண்டாவது, உடல்நலம் பற்றியவை. ஆகஸ்டு 10, பிப்ரவரி 10 ஆகிய நாட்கள் தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அன்று வராத பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்து மற்றொரு நாள் குறிக்கப்படும். பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் முன்னதாகவே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் திட்டத்தின்கீழ், 2013 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வந்து கண், காது, பல், இருதயம் முதலியவற்றைப் பரிசோதிக்கிறது. குறை காணப்பட்டால் மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சிகிச்சையும் இலவசமே. அந்தச் சகோதரியின் வீட்டில் அரிசி டிரம்மின் அடியில் கிடந்தது இத்தகைய சீட்டுதான். இவை தவிர 5 முதல் 6 வயதுக்குள் டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசியும், 10 வயதில் டி.டி. தடுப்பூசியும் உண்டு.

மூன்றாவது, மதிய உணவு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை சமைத்த உணவு தரப்படுகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது விதி. இது தர்மமாகக் கிடைக்கும் உணவு அல்ல, பிள்ளையின் உரிமை. உணவு சரியில்லையென்றால் மரியாதையோடு கேட்கலாம்.

நான்காவது, சேர்க்கை பற்றியவை. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில் பெறப்படுகிறது. பெரும்பாலும் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் வருமான அடிப்படையில் விண்ணப்பிப்போருக்கு ஆண்டு வருமான வரம்பு 1 லட்சம் ரூபாய். வருமானச் சான்றும் முகவரிச் சான்றும் ஒரே நாளில் கிடைப்பவை அல்ல. அறிவிப்பு வந்த பிறகு அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களைக் கடைசித் தேதி முந்திக்கொள்ளும். எனவே அடுத்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்க எண்ணுகிறவர்கள் டிசம்பருக்குள் சான்றுகளை வாங்கி வையுங்கள்.

இங்கே இரண்டு காரியங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர் பலர் மிஷன் பள்ளிகளிலும் இந்த 25 சதவீத இடத்தைக் கேட்டு ஏமாறுகிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துள்ளது. கர்நாடகத்தில் 2019 முதல், அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடைப்பதில்லை. மேலும், சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பள்ளிக் கல்வி உதவித்தொகை 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2022-23ஆம் கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. "தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பணத்தை வாங்கித் தருகிறேன்" என்று கட்டணம் கேட்டு வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, இடம் மாறுகிறவர்களுக்கு உரியது. வேலையின் நிமித்தம் நகரம் விட்டு நகரம் போகும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே கொடுக்க வேண்டும் என்றும், அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சட்டம் கூறுகிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்தான் தொடங்குகிறது. தேர்வு அட்டவணையைக் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள்.

சரி, இவையெல்லாம் நம் காதுக்கு வந்து சேர வழி என்ன? பெரிய படிப்பு தேவையில்லை. சில சிறிய பழக்கங்கள் போதும்.

நாள்தோறும் மாலையில் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். "இன்று ஏதேனும் காகிதம் கொடுத்தார்களா?" என்று கேளுங்கள். வந்த காகிதத்தை அரிசி டிரம்மின் அடியிலோ பீரோவிலோ வைக்காதீர்கள். எல்லாருடைய கண்ணிலும் படும்படி சுவரில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். அன்றே அதைப் படிக்கச் செய்யுங்கள். உங்கள் வரிசையிலேயே அந்த மொழி படித்த ஒரு மகனோ மகளோ இருப்பார்கள்; அவர்களைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எழுத்தைப் படம் பிடித்தால் தமிழில் சொல்லும் வசதியும் இன்று கைப்பேசியில் உண்டு. ஆனால் தேதியையும் தொகையையும் மட்டும் ஒரு மனிதரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் தகப்பனுடைய எண் மட்டுமே இருக்கிறது. அவர் பட்டறையிலிருந்து இரவில் களைத்து வரும்போது, காலையில் வந்த செய்தி பழையதாகிவிடுகிறது. தாயின் எண்ணையும் கொடுங்கள்.

பிள்ளையை மட்டுமே மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லும் குறையைப் பிள்ளை எப்படி முழுவதும் சொல்லுவான்? நீங்களே ஆசிரியரிடம் செல்லுங்கள். இந்தியில் "முஜே சம்ஜா தீஜியே" என்றும், மராத்தியில் "மலா சமஜாவூன் சாங்கா" என்றும் சொன்னால் போதும். "எனக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்பதே பொருள். பணிவாகக் கேட்கும் தாயைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மதிக்கவே செய்வார்கள்.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். இந்தி பேசத் தெரியாது என்பதற்காக அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குழு என்று கூடுகிறது என்று கேளுங்கள். தெரிந்த ஒருவரோடு செல்லுங்கள்.

நம் சபைகளும் இதில் உதவலாம். ஞாயிறு ஆராதனை முடிந்தபின், கல்லூரியில் படிக்கும் இரண்டு வாலிபர் கால் மணி நேரம் ஓரமாக ஒரு மேசையிட்டு உட்காரட்டும். அந்த வாரம் வந்த பள்ளிக் கடிதங்களைத் தாய்மார் கொண்டுவரட்டும். படித்துச் சொல்லி, கடைசித் தேதியைத் தமிழில் காகிதத்தின் தலையில் எழுதிக் கொடுக்கட்டும். இதற்குச் செலவு ஒரு பேனா மட்டுமே. ஆனால் ஒரு பிள்ளையின் ஓராண்டு இதனால் மீட்கப்படலாம்.

அந்தச் சகோதரியின் மகனை மறுவாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடி கிடைத்தது. அதை அணிந்துகொண்டு திரும்பிய அன்று வழிநெடுகக் கடைப் பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தானாம். தாய் ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்கும் காகிதங்களில் படிக்கப்படாதது ஒன்றும் இல்லை.

இந்த இதழைக் கீழே வைத்தவுடன் எழுந்து, உங்கள் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.